ஹானை என்றால் வளர்த்த பிள்ளை

மலாயாவில், பாடாங் செராய்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவில் ஒரு ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்தான். சமைக்க என்னைக் கூப்பிட்டார்கள். அரிசியைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காயிற்று, போனேன். சமைக்கத்தான் போகிறாளா என்று நாங்கள் கூலிகள் குடியிருந்த லயத்தில் ஒரு பேச்சு எழுந்தது.

அவன் உடைந்த மலாயில் பேசுவான். தன் அப்பன் ஹவாய்த் தீவுக்குக் கரும்பு வெட்டப் போன கூலி என்றும், தான் பிறந்ததே அங்கே ஒரு லயத்தில்தான் என்றும் சொன்னான். நான் நம்பவில்லை. கூலி மகன் எந்த ஊரில் துரையாகியிருக்கிறான்?

அந்தத் தீவுப் பேச்சை எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினான். வேலை முடிந்தால் ‘பாவ் ஹனா’. கேட்காமலே ஒருவருக்குக் கைகொடுத்தால் ‘கோகுவா’. வந்தாலும் போனாலும் ‘அலோஹா’, அதற்குள் அன்பும் இருக்கிறதாம். அன்பாம்! வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய் நிற்கிறான். ஹவாய், ஜப்பான்காரனோடு சண்டை போடும் அமெரிக்கன் ஊர் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொன்னார். நாளைக்கு இந்தச் சொல் என் வாயில் வந்தால், எதிரியின் ஆள் என்று பிடித்துப் போகவா இந்தப் பாடம்?

ஒருநாள் ‘ஹானை’ என்றான். ஒருத்தி பெற்றதை இன்னொருத்தி தன் பிள்ளையாகவே வளர்ப்பதாம். தாய் செத்தபின் அவனையே பக்கத்து வீட்டு ஹவாய்க்காரிதான் வளர்த்தாளாம். “உன் வீட்டில் அப்படி யாராவது உண்டா?”

போனவன் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. கேட்க நாதியில்லாத பையன்களைத்தான் முதலில் லாரியில் ஏற்றினார்கள். அடுத்த லயத்துக்காரி பிரசவத்தில் செத்துப்போனபோது நான் தூக்கிவந்த பிள்ளை என் வீட்டில் பால்மரம் வெட்டும் வயதில் இருந்தான். எனக்கென்று இருந்ததும் அவன் ஒருவன்தான்.

“இல்லவே இல்லை” என்றேன்.

லாரி வந்த காலையில் கங்காணி அவனை இழுத்து வரிசையில் நிறுத்தினான். “இவனுக்கு யாருமில்ல துவான். இவ பெத்த புள்ள இல்ல” என்றான் ஜப்பான் துரையிடம்.

ஜப்பான்காரன் என்னைப் பார்த்தான். என் பொய்யின் சாயம் வெளுத்துவிட்டது. இனித் தலை போனாலும் போகட்டும் என்று, “ஹானை” என்றேன்.

“அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?”

“ஒங்கள யாரு நம்புறது?”

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. பையனை விலகிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். பிறகு கங்காணியிடம், ஆள் குறையக் கூடாது என்றான். கங்காணி என் எதிர்வீட்டுக்காரி மகனை ஏற்றினான். அவள் பெற்ற மகன்.

ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். அவள் மகன் வரவில்லை. வருஷங்கள் கழித்து, தண்ணீர்க் குழாயடியில் அவள் கேட்டாள்:

“நீ அந்த ஜப்பான்காரனுக்கு என்னா குடுத்தேக்கா?”

ஒரே ஒரு சொல் என்றேன். அவள் நம்பவில்லை. அவள் இடத்தில் நின்றிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.