சம்பூரணம் அக்கா சொன்ன பத்து

1. ஸ்டோர் ரூம்

முதல் நாள் ஒரு நாற்காலி, ஒரு போன், ஒரு படிவம் கொடுத்து என்னைப் பழைய ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள். இருபது வருடம் வார்டில் நர்ஸாக ஓடிய கால்களுக்கு அது தண்டனையாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே புதாற்றுக் கால்வாய் ஓடும். கீமோ போட்டுக்கொண்டு ஊர் திரும்பிய புற்றுநோயாளிகளைக் கூப்பிட்டு, "பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும் உங்க பயம் எத்தனைங்க?" என்று கேட்பதுதான் வேலை. ஏழுக்கு மேல் போனால் மூச்சுப் பயிற்சி. நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு.

கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவேன். போனுக்குள் ஊர்கள் வரும். நாகப்பட்டினத்துக்காரர் பேசினால் பின்னால் கடல் கேட்கும். அரைத்தூக்கத்தில் நடப்பதுபோல் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் வருவேன். டாக்டர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "சிஸ்டர் தூங்குறாங்களா?" என்று கேட்டே விட்டார்.

2. பத்து

சம்பூரணம் அக்காவுக்குத் திருவாரூர்ப் பக்கம். மார்பில் கட்டி, இரண்டு கீமோ முடிந்திருந்தது. அரசாங்கம் கொடுத்த டிவி பின்னால் பாடிக்கொண்டிருக்கும். மூன்று வாரமும் ஒரே பதில். "பத்து, சிஸ்டர்." மூச்சுப் பயிற்சியை ஒழுங்காகச் செய்வார். முடித்ததும், "செஞ்சாச்சு. பத்துதான்."

மூன்றாவது கீமோவுக்கு முந்தின வாரம், "செவ்வாக்கெழம வரல சிஸ்டர். இந்த ஊசி வேணாம்" என்றார். எனக்குப் பதறிவிட்டது. பாதியில் விட்டால் கட்டி வளரும் என்று மூச்சு விடாமல் பேசினேன்.

"அது தெரியும் சிஸ்டர்."

"அப்புறம் எதை நெனைச்சுத்தான்க்கா இவ்வளவு பயம்?" கோபத்தில்தான் கேட்டேன்.

"வயலை நெனைச்சுத்தான். அன்னைக்குக் கேஸ் குழா பதிக்கப் பொக்லைன் வருது. கதிர் வர்ற நேரம். எங்க வீட்டுக்காரரும் போய்ச் சேந்துட்டாரு. நான் ஆஸ்பத்திரியில படுத்துட்டா யாரு போயி மறிக்கிறது?"

மூன்று வாரமாக எண்ணைக் கேட்டு எழுதியிருக்கிறேன். எதைப் பற்றிய பயம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவமானமாக இருந்தது.

நேரே டாக்டரிடம் போனேன். "ரெண்டு நாள் தள்ளலாம் சிஸ்டர். அதுக்கு மேல கூடாது" என்றார். வியாழக்கிழமை வருவதாக அக்கா சொன்னார். வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

3. செவ்வாய்க்கிழமை

காலையில் அக்காவே கூப்பிட்டார். "வந்துட்டாங்க சிஸ்டர். மூச்சுப் பயிற்சி செய்யணும். எண்ணுங்க. ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன், பொம்பளைங்க எல்லாரும் வரப்புல உக்காந்திருக்கோம்."

கண்ணை மூடி எண்ணினேன். பயிர் உரசியது. மடையில் தண்ணீர் சலசலத்தது. அதற்கு அப்பால் பொக்லைனின் உறுமல். நான் நாலு எண்ணினால் ஒரு வரப்பே மூச்சை இழுத்தது. ஆறு எண்ணினால் விட்டது. எவ்வளவு நேரம் எண்ணினேனோ தெரியாது. ஸ்டோர் ரூம் எங்கோ போய்விட்டது. என் காலுக்கடியில் சேறு குளிர்ந்தது.

ஒரு கட்டத்தில் உறுமல் நின்றது. மடைத் தண்ணீர் மட்டும் கேட்டது.

"அறுப்பு முடியட்டும்னு தாசில்தாரே வந்து சொல்லிட்டாரு சிஸ்டர்" என்றார் அக்கா. நான் அழுதுவிட்டேன்.

வியாழக்கிழமை, கீமோ நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நகத்தில் சேறு போகவில்லை. படிவத்தை எடுத்தேன்.

"இன்னைக்கு எத்தனைக்கா?"

கொஞ்சம் யோசித்தார். "எட்டு. அறுப்பு முடிஞ்சா திரும்ப வருவாங்கல்ல. ரெண்டை மட்டும் வயல்ல விட்டுட்டு வந்தேன்."

எட்டு என்று எழுதினேன். அந்தப் படிவத்தில் எனக்குப் பிடித்த எண் அதுதான். ஓரத்தில் இடமில்லாத இடத்தில் பேனாவால் ஒரு கேள்வியையும் சேர்த்தேன்: 'எதை நினைத்து?' அந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வதும் இவ்வளவுதான். அதை முதலில் கேளுங்கள். எண்ணைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.