இரண்டாவது லொறி

எங்கள் வீட்டு ரொட்டியில் எப்போதும் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். அம்மா மாவு பிசைகிற அதே "இஸ்தோப்பு"த் தரையில்தான், அதாவது தோட்டத்து வரிசை வீடான லயத்தின் முன் தாழ்வாரத்தில்தான், அப்பா பழைய லொறியின் நட்டுகளையும் போல்ட்டுகளையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார். வெளியே விடாத மழை என்பதால், தேய்த்தவை காய்வதற்கு வேறு இடமில்லாமல் அடுப்பைச் சுற்றியே பரப்பிக் கிடக்கும். "இந்த லொறிக்கு வாங்குற எண்ணெயில பாதிய என் தலைக்கு வாங்கியிருந்தா எனக்கு முடியாச்சும் மிஞ்சியிருக்கும்" என்பாள் அம்மா. இன்றைக்கும் எங்காவது மண்ணெண்ணெய் மணந்தால் எனக்குப் பசிக்கிறது, கூடவே கோபமும் வருகிறது.

இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே, மூடுபனி இறங்கினால் பக்கத்து லயம் தெரியாத ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று வாய்தான் சொல்கிறது. அப்பா தோட்டத்து லொறி டிரைவர். லயத்தில் எல்லோருக்கும் "டைவரு". உலக யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்ட மூன்று பழைய லொறிகளை டவுன் கடைக்காரர் ஒருவர் வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்குப் பின்னால் புல் முளைக்கப் போட்டிருந்தார். ஐம்பதுகளின் நடுவில், எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அப்பாவும் அவருடைய கூட்டாளி பியதாச பாஸும் அவற்றைப் பேசி வாங்கிவிட்டார்கள். பாஸ் என்றால் கைத்தொழில் தெரிந்த மேஸ்திரி; அவர் கினிகத்தேனையில் சின்ன கராஜ் வைத்திருந்த சிங்களவர். லொறிகளையும் தமிழையும் ஒரே மாதிரி, கிடைத்த சாமானை வைத்து ஓட்டுகிறவர். எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாத காலம் அது. எதற்கு வம்பு என்று மூன்றையும் பாஸின் பெயரிலேயே எழுதிக்கொண்டார்கள். தோட்டத்து மேனேஜர் தொரையும் மனசு வைத்து, மண்சரிவில் இடிந்த பழைய லயம் இருந்த ஆற்றோரத்தில் அவற்றை நிறுத்திக்கொள்ள விட்டார்.

திட்டம் முழுவதும் எங்கள் வீட்டுச் சுவரில்தான் இருந்தது. அப்பா அடுப்புக்கரியை எடுத்து இஸ்தோப்புச் சுவரில் மூன்று லொறிகளை வரிசையாக வரைந்தார். முதலாவது மரக்கறி ஏற்றுவதற்கு: கோவாவும், அதாவது முட்டைக்கோஸும், லீக்ஸும் நசுங்காமல் காற்றுப் போகும்படி பக்கங்களில் பலகைக்குப் பதில் சட்டங்கள் அடித்தது. அது ஓடிச் சம்பாதிக்கிற காசில் இரண்டாவதைச் சரிசெய்வது. அது பிள்ளைகளுக்கு: இரண்டு பக்கமும் நீளப் பெஞ்சு, மழைக்குச் சுருட்டி இறக்கத் தார்ப்பாய், சின்னக் கால்களுக்கு எட்டும்படி பின்னால் தாழ்வான படி. மூன்றாவது நோயாளிகளுக்கு. பிள்ளைப்பேற்றுக்குப் போகிற பெண்களைத் தேயிலைப் பெட்டி மேல் உட்கார வைத்துக் கொண்டுபோய்க் கொண்டுபோய் அப்பாவுக்கு மனசு வெறுத்திருந்தது. அதில் ஒரு கட்டில் போட வேண்டும் என்றார். லயத்து ஆட்கள் வந்து நின்று பார்த்துவிட்டு, "டைவரு செவுத்துலயே ஓட்டிப்புடுவாரு போல" என்று சிரித்துக்கொண்டு போனார்கள்.

நான் சிரிக்கவில்லை. தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்கத் தலவாக்கலைக்குப் போக வேண்டும். பஸ் பெரிய ரோட்டோடு சரி. அங்கே இறங்கிப் போவதற்குள் பாதிப் பகல் போய்விடும், அட்டை கடித்த கால் வேறு. பொட்டைப் பிள்ளையைத் தனியாக அனுப்புவதா என்று அம்மா ஒரே போடாகப் போட்டாள். அப்பாதான் என்னைத் தூக்கி இரண்டாவது லொறியின் டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, "லெச்சி, இது ஒன்னோட லொறி. இதுலதான் நீ பள்ளிக்கூடம் போகப்போற. என்ன கலரு வேணும் சொல்லு" என்று கேட்டார். நீலம் என்றேன். ஒரு சிறு டப்பாவில் எங்கிருந்தோ கொஞ்சம் நீலப் பெயின்ட் கொண்டுவந்து, கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பூசிக் காட்டினார். துருப்பிடித்த அந்தப் பெரிய உடம்பில் அந்த நீலம் மட்டும் பளிச்சென்று இருந்தது. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

முதலாவது லொறியை ஓட வைக்க இரண்டு வருஷம் பிடித்தது. அதற்கு வேண்டிய சாமான்கள் கொழும்பில்கூடக் கிடைக்காது, கிடைத்தாலும் எங்கள் கைக்கு எட்டாது. அதனால் மூன்றாவது லொறியிலிருந்து கழற்றினார்கள். முதலில் விளக்குகள், பிறகு ரேடியேட்டர், பிறகு சக்கரங்கள். கடைசியில் அது ஒரு கோழிக்கூடு அளவுக்கு வந்துவிட்டது, உண்மையிலேயே கோழிகளும் அடைந்தன. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன், ஏனென்றால் அது என் லொறி இல்லை. கட்டில் போட்ட லொறிக்காக எந்த வீட்டில் எந்தப் பெண் காத்திருந்தாள் என்று யோசிக்கிற வயதா அது?

சிவப்புப் பெயின்ட் அடித்து, முன் சக்கரத்தில் தேசிக்காய், அதாவது எலுமிச்சம்பழம், நசுக்கி, முதலாவது லொறி புறப்பட்ட அன்று லயமே திரண்டு நின்றது. பாஸ் சாராய நெடியோடு அப்பாவைக் கட்டிப்பிடித்து, "முத்தையா, இப்ப பாரு, ரெண்டு, மூணு, எல்லாம் வரும்!" என்று கத்தினார். சில மாதங்கள் நன்றாகவே ஓடியது. பாஸின் மருமகன் ஓட்டினான், மரக்கறி மலையிறங்கிப் போனது. ஒரு மழைக்காலத்தில், கோவா மூட்டைகளோடு ஏற்றத்தில் ஏறும்போது கியர்பெட்டி உடைந்து, லொறி ரோட்டோரத்தில் அப்படியே நின்றுவிட்டது. கோவா அழுகிய நாற்றத்தை அப்பா சட்டையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. சுவரிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவரும் பாஸும் சாமான் பெட்டியோடு ஆற்றோரம் இறங்குவதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் இரண்டாவது லொறியில் ஏறி, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"லெச்சி, எறங்கும்மா."

"இது என்னோட லொறின்னு சொன்னீங்களே."

"ஒன்னோடதுதான், யாரு இல்லேன்னா? கியர்பெட்டிய மட்டும் எடுத்துக்கிறேன். பொறவு வேற வாங்கிப் போட்டுர்றேன்."

பாஸ் என்னை "துவே" என்றுதான் கூப்பிடுவார், சிங்களத்தில் மகளே என்று அர்த்தம். "துவே, அழ வாணாம். ஒங்க லொறி நாங்க செஞ்சி குடுக்கிறது. பொய் இல்ல" என்றார்.

அப்போதுதான் அம்மா வந்தாள். அந்த லொறிகளை ஒரு நாளாவது திட்டாமல் இருந்திராத அம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு லொறிக்கு முன்னால் போய் நின்றாள். "அது புள்ளையோடது. அதத் தொடாதீங்க." அவ்வளவுதான் சொன்னாள். அப்பாவால் அவளைப் பார்க்க முடியவில்லை. "மொதலாவது நின்னுருச்சுன்னா ரெண்டாவது எங்கேருந்துடி வரும்? நீயே சொல்லு" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அந்த நியாயம்தான் எனக்கு ஆறவில்லை. நானாகவே இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஒரு மாதம் ஸ்டியரிங் போனது, இன்னொரு மாதம் டயர்கள். முதலாவது லொறியின் கதவு கழன்று விழுந்தபோது இரண்டாவதின் கதவைப் போட்டார்கள். சிவப்பு லொறியில் என் நீலத் திட்டு மரக்கறியோடு கினிகத்தேனைக்குப் போய் வந்துகொண்டிருந்தது. அது ஹார்ன் அடித்தால் நான் வீட்டுக்குள் போய்விடுவேன். வருஷத்துக்கொரு தடவை தோட்டத்தில் லயங்களுக்கு வெள்ளையடிப்பார்கள். சுவரிலிருந்த லொறிகள் மறைந்துவிடும், அப்பா கரியெடுத்து மறுபடி வரைவார். ஒரு வருஷம் இரண்டை வரைந்தார். அடுத்த வருஷம் வெள்ளையடித்த சுவரை அப்படியே விட்டுவிட்டார்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். "புள்ள சும்மாதானே இருக்கு, பேர் பதிஞ்சுவுடு" என்று கணக்கப்பிள்ளை அப்பாவிடம் சொன்னாராம். அப்படியே கொழுந்து பறிக்கிற வேலைக்குப் பேர் பதிந்தார்கள். அம்மா தன் பழைய கூடையையும், இடுப்பில் கட்டுகிற சாக்குப் படங்கையும் எனக்குக் கொடுத்து, முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த வருஷம் பெய்த மழையில் ஆற்று மரப்பாலம் அடித்துக்கொண்டு போனது. கொழுந்து மலை அக்கரையில் இருந்தது. அப்பாவே ஆட்களைக் கூட்டி, இரண்டாவது லொறியில் மிச்சமிருந்த இரும்புச் சட்டத்தை இழுத்து ஆற்றின் குறுக்கே போட்டு, மேலே பலகை பரப்பினார். "டைவரு பாலம்" என்று பெயர் வந்துவிட்டது. வேலைக்குப் பேர் கூப்பிடுகிற விடியற்காலைப் பெரட்டுக்குப் போகும்போது, கூடையை முதுகில் போட்டுக்கொண்டு நான் அதன் மேல் நடந்தேன். இதுலதான் நீ போகப்போற என்று அப்பா சொன்னது ஒரு வகையில் நடந்துதான் விட்டது. முதல் நாள் அவர் ஆற்றோரத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்காமல் கடந்து போனேன்.

சிவப்பு லொறியும் பிறகு ஒரு வளைவில் நின்றதோடு சரி, இரும்பு விலைக்குப் போனது. பாஸ் வருவது நின்றுவிட்டது. அப்பா ஓய்வு பெறும்வரை தோட்டத்து லொறியை ஓட்டினார், எந்தச் சுவரிலும் எதையும் வரையவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததெல்லாம் கடையில் பொட்டலம் கட்டி வந்த பத்திரிகைத் தாள்கள்தான். இந்தக் கட்டுரையில் பிழையிருந்தால் அந்தக் கியர்பெட்டியைத் திட்டிக்கொள்ளுங்கள்.

போன வருஷம் தேர்த் திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஆற்றில் இப்போது கொங்கிரீட் பாலம். பழைய சட்டத்தைக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, டைவரு பாலம் என்ற பெயரும் தெரியவில்லை. அப்பாவைத் தெரிந்தவர்களே இரண்டு பேர்தான் இருந்தார்கள். பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. பிள்ளைகள் தாழ்வான படியில் கால் வைத்துப் பின்பக்கமாக ஏறினார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நீளப் பெஞ்சு. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் சுருட்டி இறக்க ஒரு மறைப்பு. எங்கள் சுவரில் கரியால் இருந்தது அப்படியே இருந்தது. பாவி மனுஷன் எல்லாவற்றையும் சரியாகத்தான் யோசித்திருக்கிறார்.

டிரைவர் பையன் தலையை வெளியே நீட்டி, "ஏறுங்கம்மா, எடம் இருக்கு. எங்க போகணும்?" என்று கேட்டான்.

பள்ளிக்கூடத்துக்கு என்று வாய் வரை வந்துவிட்டது. ஒன்றுமில்லை தம்பி, நீ போ என்று சொல்லிவிட்டு, வேனுக்கு வழி விட்டு ஓரமாக நின்றேன்.