பூஜ்யம் காட்டிய திரை

அன்று ஐப்பசி பௌர்ணமி. மத்தியானத்துக்கே செங்கம் ரோட்டில் நகர முடியாத கூட்டம். கிரிவலம் வருகிறவர்களுக்கு ரூம் பதிவு செய்து தரும் ஆபீஸில் எனக்கு வேலை. பின் ரூமில் மெயின் சர்வர் காலையிலிருந்தே கொர்ரென்று முனகிக்கொண்டிருந்தது.

"நின்னா நிக்கட்டுங்க, நகல் சர்வர்தான் இருக்குதே" என்றார் முதலாளி.

மெயினில் விழும் ஒவ்வொரு பதிவும் உடனே நகலிலும் விழ வேண்டும். நகலின் நிலையைத் திறந்து பார்த்தேன். எல்லாம் பச்சை. தாமதம் பூஜ்யம்.

"பாத்தீங்களா, சூப்பரா ஓடுது!"

எனக்கு எரிச்சலாக வந்தது. சும்மா கிடக்கிற நாளிலேயே ஒன்றிரண்டு நொடி பின்தங்கும். இவ்வளவு பதிவு விழுகிற நாளில் பூஜ்யம் எப்படி வரும்?

நகலில் கடைசிப் பதிவைத் தேடினேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாளோடு நின்றிருந்தது. நகல் எந்த மெஷினோடு இணைந்திருக்கிறது என்று பார்த்ததும் விஷயம் புரிந்தது.

பூஜைக்காக எல்லா மெஷினையும் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, திரும்ப மாட்டியிருந்தார்கள். மாட்டும்போது நகலின் ஒயர், மெயினுக்குப் பதிலாக, புது ஆட்கள் பழகுவதற்காக அதைப் போலவே அச்சு அசலாகச் செய்து வைத்திருந்த மெஷினுக்குப் போய்விட்டது. பூஜைக்குப் பிறகு அந்தப் பழகும் மெஷினை யாரும் தொடவேயில்லை. நகலெடுக்க எதுவும் இல்லை, அதனால் தாமதமும் இல்லை.

சொல்ல வாயெடுத்தேன். பின் ரூமில் முனகல் நின்றது.

"அப்பாடா," என்றார் முதலாளி, "சத்தம் நின்னுடுச்சு."