தானாக நிற்கும் வண்டி

என் காரில் ஒரு சனியன் உட்கார்ந்திருக்கிறது. எங்கேயாவது நின்று, கியரை நியூட்ரலில் தள்ளி, கிளட்சிலிருந்து காலை எடுத்தால் போதும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இன்ஜினை அணைத்துவிடும். கிளட்சை மறுபடி மிதித்தால்தான் உயிர் வரும். பெட்ரோல் மிச்சமாம். வண்டியை என் தலையில் கட்டிய ஷோரூம்காரர் இதை ஏதோ பெருமாள் கொடுத்த வரம் மாதிரிச் சொன்னார். நான் கேட்டேனா? திண்டுக்கல் வெயிலில் இன்ஜின் நின்றால் ஏசியும் கூடவே படுத்துவிடும். காற்று வரும், குளிர்ச்சி வராது. வேர்த்து வழிந்துகொண்டு எவனுக்காக நான் பெட்ரோல் மிச்சம் பிடிக்க வேண்டும்?

வாங்கிய வாரமே கரித்துக்கொட்ட ஆரம்பித்துவிட்டேன். ஆனாலும் ஆத்தூர்ப் பக்கம் நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்வர வண்டி வேண்டும். வீட்டுக்காரர் போன பிறகு நானே ஓட்டக் கற்றுக்கொண்டு நானே வாங்கியது. பொறுத்துப் போனேன். அது என் மகள் கல்யாணத்தில் வந்து கை வைக்கும் என்று கண்டேனா?

மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை. கூட வேலை பார்க்கிற பையனைப் பிடித்திருக்கிறது என்று ஒருநாள் வந்து சொன்னாள். ஒட்டன்சத்திரத்துப் பையன். சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட்டார். காய்கறி மண்டி வைத்திருக்கிற பெரியப்பாதான் படிக்கவைத்து ஆளாக்கினவர். “அவரு சரின்னுட்டா எல்லாம் சரிம்மா” என்றாள். என் மகள் எதையும் வேண்டும் என்று கேட்கிற பிள்ளை இல்லை. தீபாவளித் துணிக்குக்கூட “நீயே எடும்மா” என்பவள். அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். எப்பாடுபட்டாவது முடித்துக்கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. பெரியப்பாவுக்கு முகம் மலர்ந்துதான் இருந்தது. “தாடிக்கொம்பு போயி பெருமாள் முன்னாடி நின்னு வாக்குக் குடுத்துக்கலாமுங்க. எங்க வழக்கமுங்க” என்றார். அவர்கள் வண்டியில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். பெரியப்பா என் வண்டியில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்னால் என் மகள், நடுவில் பெரியம்மா, அந்த ஓரத்தில் பையன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சிக்னலில் நின்றேன். இன்ஜின் அணைந்தது. பெரியப்பா திடுக்கிட்டுத் திரும்பினார்.

“ஏனுங்க டீச்சரு, வண்டி நின்னு போச்சுங்களே?”

“நிக்கலண்ணே, அது தானா அணையும். பெட்ரோல் மிச்சத்துக்கு வச்சிருக்காங்க. இந்தா, கிளப்பிட்டேன் பாருங்க.”

ஊரைத் தாண்டினோம். ஒரு மில்லுக்குள் லாரியை ரிவர்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தான் ஒருவன். ரோட்டை மொத்தமாக அடைத்துக்கொண்டு அவன் நிற்க, நான் நிற்க, இன்ஜினும் நின்றது. பெரியம்மா “கோவிந்தா” என்றார். தாடிக்கொம்பு நெருங்கும்போது குறுக்கே ஆட்டுக்கூட்டம். மறுபடி அணைந்தது. நான் மறுபடி விளக்கம் சொன்னேன். பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்: “வண்டிய ஓட்டறதுக்குத்தான் கம்பெனிக்காரன் மிசினு வெப்பான். நிறுத்தறதுக்கு எவனாச்சும் காசு போட்டு மிசினு வெப்பானுங்களா?”

நியாயமான கேள்வி. நானே ஷோரூமில் கேட்டிருக்க வேண்டியது. நான் என்ன சொன்னாலும் புது வண்டியின் மானத்தைக் காப்பாற்றப் பேசுகிற மாதிரியே அவருக்குக் கேட்டது. பின்னால் பையன் வாயில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டவன் மாதிரி ஜன்னலைப் பார்த்தபடி வந்தான். பெரியவர் முன்னால் சின்னப் பிள்ளை என்ன பேசும் என்று நானும் விட்டுவிட்டேன். கோவிலில் கும்பிட்டார்கள். வாக்குப் பேச்சை யாரும் எடுக்கவே இல்லை.

சில நாள் கழித்துப் பையனின் அம்மா போன் செய்தார்.

“பெரியவரு யோசிக்கறாருங்க சம்பந்தி. நல்ல காரியத்துக்குப் போற வழியெல்லாம் வண்டி நின்னு நின்னு போச்சாமா. அதுவும்…”

“அதுவும்?”

“நீங்க ஓட்டுனதுங்க. நீங்க முன்னால நின்னு கூட்டிட்டுப் போனது அவருக்கு மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்களாமா. தப்பா எடுத்துக்காதீங்க.”

எப்படி எடுத்துக்கொள்வதாம்? புருஷன் செத்தவள் கை பட்டால் இன்ஜின் அணைந்துவிடுமாம். அப்படியென்றால் தினமும் ஆத்தூர்வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டா போகிறேன்? என் கையால் போட்ட காபியை அந்த மனுஷன் ரெண்டு டம்ளர் குடித்தார். அது மட்டும் சகுனத்தில் வராதா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டிருப்பேன். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு என் மகள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணை என் வாயிலேயே வைத்திருந்தாள். எல்லாவற்றையும் விழுங்கினேன்.

“இன்னொரு தடவ வரச் சொல்லுங்க. அதே வண்டிதான். நாந்தான் ஓட்டுவேன். வழியில தானா நின்னுச்சுன்னா இந்தச் சம்பந்தம் வேணாம்னு நானே சொல்லிர்றேன்” என்றேன்.

போனை வைத்ததும் மகள் கேட்டாள், “எதுக்கும்மா இப்படிப் பந்தயம் கட்டுற?” என்னென்னவோ வாயில் வந்தது. “ஒனக்காகத்தேன்” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாளே சர்வீஸ் சென்டரில் போய் நின்றேன். இந்த எழவை அடியோடு பிடுங்கி எறியுங்கள் என்றேன். அங்கிருந்தவர், “நிரந்தரமா எடுக்க முடியாது மேடம். கை வச்சா வாரண்டி போயிரும்” என்றார். அப்புறம் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பட்டனைக் காட்டினார். ஆங்கில ஏ எழுத்து, அதைச் சுற்றி வளைந்த அம்பு. அதை அமுக்கினால் அணையாதாம். இத்தனை நாள் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. விற்றவர் வாயைத் திறக்கவில்லை.

“அப்ப ஒரு தடவ அமுக்குனா போதும்ல?”

“இல்ல மேடம். ஒவ்வொரு தடவ வண்டிய ஸ்டார்ட் பண்ணும்போதும் அமுக்கணும். ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணா அது பழையபடி வந்துரும்.”

“வேணாம்னு சொன்னா வேணாம்னு ஒரு தடவ புரிஞ்சுக்காதா அதுக்கு?” என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காசு கொடுத்தவள் பேச்சைக் கேட்காத வண்டியை என்னவென்று சொல்வது? அன்றிலிருந்து சாவி, பெல்ட், பட்டன் என்று மனசுக்குள் ஜெபம் மாதிரிச் சொல்லிப் பழகினேன். பள்ளிக்கூடத்தில் அட்டென்டன்ஸ் எடுக்கும்போதுகூட விரல் அந்தப் பக்கமாகவே போயிற்று.

இரண்டாம் தடவை வந்தார்கள். பெரியப்பா, பெரியம்மா, பையன் மூன்று பேரும் என் மகளும் என் வண்டியில் அதே இடங்களில் உட்கார்ந்தார்கள். அவர்கள் வண்டி டிரைவரோடு பின்னால் வந்தது. சாவி, பெல்ட், பட்டன். சிக்னலில் நின்றேன். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பெரியப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச தூரத்தில் பூக்கடையைப் பார்த்துவிட்டு, “மாலை வாங்கிக்கலாமுங்க. வண்டிய ஆஃப் பண்ணிருங்க டீச்சரு, சும்மா எதுக்கு பெட்ரோல தின்னுட்டு ஓடுது?” என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்! சாவியைத் திருகி நிறுத்தினால் சிக்கனமாம். அதே வேலையை வண்டி செய்தால் அபசகுனமாம். பல்லைக் கடித்துக்கொண்டு அணைத்தேன். மாலையோடு வந்து உட்கார்ந்தார். கிளப்பி, பட்டனை அமுக்கினேன்.

“அதென்ன பட்டனுங்க?”

“ஏசிண்ணே” என்றேன். கூசாமல் சொன்னேன்.

தாடிக்கொம்புவரைக்கும் ஒரு இடத்திலும் இன்ஜின் தானாக நிற்கவில்லை. சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் பெரியப்பா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “ஒரு எடத்துல நிக்கலீங்களே! பெருமாள் உத்தரவு குடுத்துட்டாருங்க. தை மாசமே வெச்சுக்கலாமுங்க.” சொல்லிவிட்டு, பெரியம்மாவோடு துளசி வாங்க நகர்ந்தார். என் மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை நாள் நான் விழுங்கின கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்தாளைக்கூட மன்னித்துவிட்டேன்.

பையன் கிட்டே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “பட்டன அமுக்கிட்டீங்கல்ல அத்தை? பாத்தனுங்க. என் வண்டியிலயும் இருக்குதுங்க. நான் வண்டிய எடுத்ததுமே அத ஆஃப் பண்ணிருவேன்.”

நானும் சிரித்துவிட்டேன். மகள் சிரிக்கவில்லை.

“அப்ப அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எங்கம்மா ஓட்டுனதாலதான் நின்னுச்சுன்னு ஒங்க வீட்டுல பேசுனாங்களே, அப்பவும் தெரியுமா?”

அவன் தரையைப் பார்த்தான். “பெரியப்பா பேசும்போது நான் எப்படி நடுவுல போறது? அவரு மனசு நோகுமில்ல.”

“சரி. இப்ப போய்ச் சொல்லு. அங்கதான் நிக்கிறாரு. அன்னைக்கு வண்டி ஏன் நின்னுச்சுன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் நான் கேக்கல.”

“இப்பத்தான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்குது. எதுக்கு அதப் போய்க் கெளறிக்கிட்டு?”

யாரிடமும் எதையும் விட்டுக்கொடுக்காத நான் அவள் கையைப் பிடித்து, “விடுடி. போகட்டும். எனக்கு ஒண்ணுமில்ல” என்று கெஞ்சினேன். உண்மையாகவே கெஞ்சினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். போவான் என்று நினைத்தாள் போல. அவன் செருப்பைப் போட்டான், ஒருதரம் பெரியப்பா பக்கம் பார்த்தான், அங்கேயே நின்றான்.

அவளே நடந்து போனாள். “பெரியப்பா, எங்களுக்குச் சரிவராதுங்க. மன்னிச்சிருங்க” என்றாள்.

பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. துளசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏன் கண்ணு, வண்டிதான் நிக்கவே இல்லையே?” என்றார். அப்போதாவது பையன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் மகள் அதற்கும் செத்த நேரம் நின்றாள். பிறகு எங்கள் காரில் போய் ஏறிக்கொண்டாள். அவர்கள் தங்கள் வண்டியில் ஏறிப் போனார்கள்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பெரியப்பாவை, பெரியம்மாவை, வண்டியை, விற்றவரை, ஒருவரையும் விடவில்லை. கடைசியில் அவள் பக்கம் திரும்பினேன். “நல்ல பையன், அதிர்ந்துகூடப் பேச மாட்டான்னுதானடி வந்து சொன்ன?”

“ஆமாம்மா. யாரையும் ஒரு வார்த்தை பேச மாட்டான்” என்றாள். “ஒன்னையச் சொன்னப்பவும் அப்படியேதான் ஒக்காந்திருந்திருக்கான்.”

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அதற்குமேல் யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.