சித்தி மிதித்த பிரேக்

அப்பாவின் வாடகைக் கார் ஐயம்பேட்டை அருகே புளியமரத்தில் மோதியபோது அதை ஓட்டியவர் சித்தப்பா. பிரேக் பிடிக்கவில்லை. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் தறி நெய்பவர். சவாரி அதிகமான நாட்களில்தான் காரைத் தொடுவார். தறிக்கு இரண்டு காலும் வேண்டும்.

ஒன்றரை மாதம் கழித்து, அவரை வீட்டுக்கு அழைத்துவர அதே அம்பாசிடரைத்தான் அப்பா தயார் செய்தார். துருப்பிடித்து ஓட்டையான பிரேக் குழாயைக் கழற்றி, வாசலிலேயே புதியதை மாட்டினார். அடுத்தது குழாய்க்குள் புகுந்த காற்றை எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் அடியில் படுத்துச் சக்கரத்தின் பின்னுள்ள திருகைத் திறந்து மூடவேண்டும். மூடுமுன் காலை எடுத்தால் காற்று திரும்ப ஏறிவிடும்.

வழக்கமாக மிதிப்பவர் சித்தப்பா. அம்மா அவருக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தார். ஏழு வயதான எனக்குக் கால் எட்டவில்லை. கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுச் சித்தி வந்து உட்கார்ந்தார்.

எங்கள் வீட்டில் தம்பி மனைவி, கணவனின் அண்ணனோடு பேசுவதில்லை. கல்யாணமாகி வந்த மூன்று வருடத்தில் சித்தி அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆகவே நான் கார்க் கதவருகே நின்று தூது சொன்னேன்.

“பாப்பா, சித்திய மிதிக்கச் சொல்லு.”

“சித்தி, மிதிக்கணுமாம்.”

திருகு திறந்ததும் பெடல் திடீரென்று அடிவரை இறங்கியது. சித்தி பயந்து காலை எடுத்துவிட்டார். நான் சொல்லி, அப்பா மூடுவதற்குள் காற்று ஏறிக்கொண்டது. இரண்டாம் முறையும் அப்படியே.

“ஏம்பா, இப்படித் தந்தி அடிச்சிக்கினு இருந்தா தீபாவளி வரைக்கும் காத்து எடுக்கலாம்!” என்றார், தெருவில் தறிக்குப் பாவு நூல் கட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர்.

மூன்றாம் முறை சித்தி என்னைப் பார்க்கவில்லை. காரின் தரையைப் பார்த்துப் பேசினார்.

“மாமா, கீழ போயிடுச்சு. மூடுங்க.”

அப்பா மூடினார். “விடுமா” என்றார்.

சித்தி காலை எடுக்கவில்லை.

“பிரேக் ஆயில் ஒழுவுதுன்னு அவரு அன்னிக்கே சொன்னாராமே. ஊத்திக்கினு போ, வந்து பாத்துக்கலாம்னு சொன்னீங்களாமே, மாமா?”

காருக்கு வெளியே அப்பாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. விரல்கள் மடங்கியிருந்தன.

“சொன்னேன்மா.”

சித்தி காலை எடுத்தார். அதன்பின் அவர்களே பேசிக்கொண்டார்கள்: மிதி, மிதிச்சிட்டேன், மூடிட்டேன், விடு. நான்கு சக்கரமும் முடிந்தது. “இன்னொரு வாட்டி பாத்துடுங்க மாமா. அவரு வரணும்” என்றார் சித்தி. அப்பா முதல் சக்கரத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

என் வேலையைச் சித்தி பிடுங்கிக்கொண்டார் என்று எனக்கு ஒரே ஆத்திரம். மறுநாள் சித்தப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு உள்ளே வந்த அம்மாவிடம் முதல் புகாராக அதைச் சொன்னேன்: “சித்தி அப்பாகிட்ட பேசிட்டாங்க.”

அம்மா நின்றுவிட்டார். “என்ன பேசினா?”

“ஒண்ணுமில்ல,” என்றேன். “ஆயில் பத்தி.”