மகள் வாங்கித் தந்த டாக்கோஸ்

மகள் தன் முதல் சம்பளத்தில் என்னை வியா மக்வேதா என்ற தெருவிலுள்ள மெக்சிக்கோ உணவகத்துக்குக் கூட்டிப்போனாள். சோள ரொட்டிக்குள் இறைச்சி வைத்து மடித்த டாக்கோஸ் வந்தது. உறைப்பே இல்லை.

"இதென்ன, காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற சாப்பாடு மாதிரி! வெயிற்றரிட்டை உறைப்புக் கேளன், பிள்ளை" என்று எரிந்து விழுந்தேன்.

"எல்லாத்துக்கும் நான்தான் கதைக்கோணுமோ? நீங்களே கேளுங்கோ, அம்மா."

வெயிற்றர் வந்து, சாப்பாடு எப்படி என்று விசாரித்தார். உறைப்புக் கேட்கக் கூச்சமாயிருந்தது. அருமை என்பதுபோலத் தலையாட்டினேன்.

"அவருக்கு அருமை, எனக்குக் காய்ச்சல் சாப்பாடோ?" மகள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்துபோய், தெரிந்த கொஞ்ச இத்தாலிய மொழியில் தட்டுத்தடுமாறி வெயிற்றரிடம் உறைப்புக் கேட்டேன். அவர் சிரித்தபடி, தனக்கென்று வைத்திருந்த பச்சைமிளகாய்ச் சட்னியைக் கொண்டுவந்து தந்தார். அதற்குள் டாக்கோஸ் ஆறிவிட்டது. மகள் பிறகு சாப்பிடவேயில்லை.

வெளியாரிடம் கூசுகிற என் வாய், பெற்ற பிள்ளையிடம் மட்டும் கூசுவதில்லை. அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.