பள்ளத்தில் இருப்பவர்களையும் சேர்த்து

மூன்று தெருவும் ஒரு தண்ணீர்த் தொட்டியுமாக இருந்த அந்தக் குடியிருப்பில் அவருக்கு ‘வால்வு’ என்றுதான் பெயர். தண்ணீர் தாமதமானால் வேறு பெயர்களும் உண்டு. காலையில் அவர் மோட்டாரைப் போட்டால்தான் ஊர் முகம் கழுவும்.

பழைய ஊர் இல்லை அது. கல்குவாரிக்காக முளைத்தது. நாலா திசையிலிருந்தும் கல்லுடைக்க வந்தவர்கள் முதலில் தகரம் போட்டார்கள், பிறகு ஓடு போட்டார்கள், பிள்ளை பெற்றார்கள். பள்ளத்தில் ஊறும் தண்ணீரை இறைத்துக் கொட்டும் வேலைக்கு, புது மனைவியோடு வால்வு வந்தார். கல் தீர்ந்தது. குவாரியை மூடினார்கள். பள்ளம் நிறைய நிறையத் தெருக்கள் காலியாயின. அன்று வேலைக்கு இடைஞ்சலாக இருந்த தண்ணீரைத்தான் மிச்சமிருந்தவர்கள் குடித்தார்கள்.

குவாரிக் காலத்து வழக்கம் ஒன்றும் மிஞ்சியிருந்தது. வீட்டில் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும், பள்ளத்தில் இறங்கியவரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கழித்துச் சொன்னால் அவர் ஏறி வரமாட்டார் என்று பயம். குவாரி போன பிறகும் வாய்க்கு அதுவே பழகிவிட்டது. நகரத்துக்குப் போன மகனும் கட்டிக்கொடுத்த மகளும் கணக்கில் இருந்தார்கள். சில வீடுகளில் செத்தவர்களும்.

மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் பெரிய ஊர் டீச்சர் வந்தார். அதற்கு முன்பே சேதி வந்திருந்தது: நூறு பேருக்குக் குறைந்தால் தனி மோட்டார் கிடையாது, பெரிய ஊர்க் குழாயோடு இணைத்துவிடுவார்கள். மோட்டார் அறையை மூடினால் வால்வுக்கு வேலை போகும். அதை ஒட்டியிருந்த வீடும் போகும். போன கோடையில் அவர் மனைவி கண்ணை மூடியது அந்த வீட்டில்தான். மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஊருக்குத் தண்ணீர் யார் விடுவார் என்று அவரும் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார்.

டீச்சருக்கு வழிகாட்ட அவரையே அனுப்பினார்கள். பாலுக்குப் பூனை காவல்.

முதல் வீட்டுக்காரி ஏழு பேர் என்றாள். டீச்சர் வாசலைப் பார்த்தார். ஒரே ஒரு ஜோடி செருப்பு.

“ஆளை எண்ண வந்தீங்களா, செருப்ப எண்ண வந்தீங்களா?” என்றாள் அவள்.

வால்வு வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வீட்டில் ஐந்து. எதிர்வீட்டில் ஒன்பது. அங்கே ஒரு கிழவரும் ஓர் ஆடும் மட்டும் கண்ணில் பட்டார்கள். பூட்டிய வீடுகளைத் தாண்டித் தாண்டி மூன்றாம் தெரு முடிந்தபோது நூற்றுக்கு இரண்டுதான் குறைவு. மீதி இருந்தது அவர் வீடு.

டீச்சர் வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். “உங்க வீட்ல எத்தனை பேருங்கய்யா?”

ரெண்டு என்று சொன்னால் போதும். உள்ளே கட்டிலில் இரண்டு தலையணை கிடந்தது. அடுப்பில் காலையில் வைத்த சோறு, எப்போதும்போல இரண்டு பேருக்கு. மறுநாளும் அதையேதான் அவர் தின்பார்.

“ஒண்ணு,” என்றார்.

திடீரென்று அரிச்சந்திரன் ஆகிவிடவில்லை. களைத்துப்போயிருந்தார். அவளை இன்னும் எத்தனை நாள் பள்ளத்திலேயே நிறுத்தி வைப்பது?

டீச்சர் எழுதாமல் அவர் முகத்தையே பார்த்தார். “அப்ப மத்த வீடெல்லாம்?”

“அவங்க பொய் சொல்லலம்மா. இங்க அப்படித்தான் சொல்லுவாங்க. இன்னைக்கு எத்தனை பேருக்குச் சமைச்சீங்கன்னு கேளுங்க.”

“அப்படிக் கேட்டா நூறு வருமா?”

“பாதிகூட வராது.”

“உங்க வேலைங்கய்யா?”

“வாங்க, இருட்டறதுக்குள்ள ஒரு சுத்துப் போயிட்டு வந்துரலாம்.”

டீச்சர் எழுந்தார். வால்வு முன்னால் நடந்தார். முதல் வீட்டுக்காரி குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள்.

“என்ன வால்வு, செருப்பு கொறஞ்சு போச்சா?”

இன்று எத்தனை பேருக்குச் சமைத்தாள் என்று டீச்சர்தான் கேட்டார். அவள் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கிவிட்டது. வால்வைப் பார்த்தாள், அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எனக்கு மட்டுந்தான்,” என்றாள். பிறகு, “தண்ணி வரும்ல?”

“இன்னைக்கு வரும்,” என்றார் வால்வு.